தெரபி, கோச்சிங் அமர்வுகளில் என்ன நடக்கும்? அறைக்குள்ளும் திறந்தவெளியிலும்: ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் அமர்வுக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கவலையைத்தான் சொல்வார்கள்: "போய் என்ன பேசுவது?" பேச்சே வராவிட்டால், அழுதுவிட்டால், இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று எதிரில் இருப்பவர் நினைத்துவிட்டால் என்பதெல்லாம் அந்தக் கவலையின் கிளைகள். பேச்சை எடுத்துக்கொடுப்பது எதிரில் இருப்பவரின் வேலை. அதற்குத்தான் அவர் பயிற்சி பெற்றிருக்கிறார். நீங்கள் முன்கூட்டித் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்றுதான்: அமர்வில் நடக்கும் எதைப் பற்றியும் அந்த அமர்விலேயே கேட்கலாம், மறுக்கலாம், குறை சொல்லலாம். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. சிகிச்சையின் பாதி வேலை அதில்தான் நடக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இது ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கும்.

படி 1: யாரிடம் போவது?

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். சிலர் பேச்சு சிகிச்சையும் தருவார்கள். பலருக்கு அதற்கு நேரம் இருக்காது. மருத்துவ உளவியலாளரும், தெரபிஸ்ட், கவுன்சிலர் என்று பல பெயர்களில் இருப்பவர்களும் பேச்சின் வழியாக வேலை செய்பவர்கள். கோச் என்பவர் நோய்க்குச் சிகிச்சை தருபவர் அல்லர். வேலை மாற்றம், தலைமைப் பொறுப்பு, தள்ளிப்போடும் பழக்கம், பெரிய முடிவு ஒன்று எடுக்க வேண்டிய நேரம் போன்றவற்றில் கூட இருந்து யோசிக்க உதவுபவர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான நாடுகளில் 'கோச்' என்று பலகை மாட்டிக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. வார இறுதியில் ஒரு வகுப்புக்குப் போய்வந்தவரும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். 1995ல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் தாமாக முன்வருபவர்களுக்குச் சான்றிதழ் தருகின்றன. அந்தக் கூட்டமைப்பின் முதல் நிலைச் சான்றிதழுக்கு 100 மணி நேரமும், அடுத்த நிலைக்கு 500 மணி நேரமும், உச்ச நிலைக்கு 2,500 மணி நேரமும் கோச்சிங் செய்த அனுபவம் வேண்டும். சான்றிதழ் இருந்தால் நல்ல கோச் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் சான்றிதழ் உண்டா என்று கேட்டு, நேராகப் பதில் வருகிறதா என்று பார்க்க இது நல்ல இடம்.

எப்போது கோச் போதாது? இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே கிடக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, பழைய கொடுமை ஒன்று கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருகிறது, குடியோ போதையோ கையை மீறிப் போகிறது என்றால் தெரபிஸ்டையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். ஒழுங்கான கோச் இதைக் கண்டதும் அவரே அங்கே அனுப்பிவைப்பார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போது வருகிறது என்றால் அமர்வு தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவு, தற்கொலைத் தடுப்பு உதவி எண், நம்பிக்கையான ஒருவர், இவற்றில் எது முதலில் கைக்கு எட்டுகிறதோ அதைப் பிடியுங்கள்.

படி 2: நேரம் குறிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

பலர் முதலில் 15, 20 நிமிடம் தொலைபேசியில் பேச ஒப்புக்கொள்வார்கள். அந்த நேரத்தில் உங்கள் வாழ்க்கைக் கதை முழுவதையும் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். நீங்கள் அவரைத் தெரிந்துகொள்ளும் நேரம் அது. கேட்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம், கேளுங்கள்:

- என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்?
- என்னுடையது போன்ற பிரச்சினையோடு வருபவர்களை வழக்கமாகப் பார்க்கிறீர்களா? அவர்களோடு எப்படி வேலை செய்வீர்கள்?
- உங்கள் வேலையை மூத்த நிபுணர் யாராவது மேற்பார்வை செய்கிறார்களா?
- அமர்வை ரத்து செய்ய எவ்வளவு நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்?
- இரண்டு அமர்வுகளுக்கு நடுவே அவசரம் என்றால் என்ன செய்வது?

மூன்றாவது கேள்வி கொஞ்சம் துணிச்சலானதுபோலத் தோன்றும். ஆனால் இந்தத் துறையில் அனுபவசாலிகள்கூடத் தங்கள் வேலையை இன்னொருவரிடம் கொண்டுபோய் விவாதிப்பது வழக்கம். "எனக்கு அதெல்லாம் தேவையில்லை" என்று ஒருவர் சொன்னால் எனக்கு அது பெருமையாகத் தோன்றாது.

ரத்து செய்வதற்கு 24 அல்லது 48 மணி நேரக் கெடு என்பது பரவலான வழக்கம்; தாண்டினால் முழுக் கட்டணமும் கேட்பார்கள். இது முதலிலேயே தெரிந்திருந்தால் பின்னால் மனக்கசப்பு வராது.

படி 3: முதல் அமர்வு

தெரபி அமர்வு பெரும்பாலும் 50 நிமிடம். மீதிப் பத்து நிமிடத்தில் அவர் குறிப்பு எழுதுவார், மூச்சு விடுவார், அடுத்தவருக்குத் தயாராவார். கோச்சிங் 45 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை போகலாம்.

முதலில் படிவங்கள். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் முக்கியமானது ரகசியம் பற்றிய பகுதி. நீங்கள் சொல்வது வெளியே போகாது என்பது விதி. அதற்கு விலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்ற தகவல், நீதிமன்ற உத்தரவு ஆகியவை பல இடங்களில் பொதுவான விலக்குகள். சரியான எல்லை நாட்டுக்கு நாடு மாறும். எதைச் சொன்னால் எந்த இடத்தில் ரகசியம் உடையும் என்று நேரடியாகக் கேளுங்கள். அதே நேரம் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: "சில சமயம் செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது" என்று சொன்ன மாத்திரத்தில் யாரும் ஓடிப்போய்த் தொலைபேசியை எடுப்பதில்லை. எண்ணம் எவ்வளவு அடிக்கடி வருகிறது, திட்டம் ஏதும் இருக்கிறதா, எது உங்களைத் தடுத்து நிறுத்துகிறது என்று நிதானமாகக் கேட்பார்கள். அவர்கள் இதை வழக்கமாகக் கேட்பவர்கள்.

கோச்சிங்கில் உங்கள் நிறுவனம் பணம் கட்டுகிறது என்றால் ரகசியம் இன்னும் சிக்கலாகிறது. மேலாளருக்கு என்ன போகும்? வந்தார் என்ற வருகைக் கணக்கு மட்டுமா, குறிக்கோள்களுமா, முன்னேற்றமுமா? மூன்று தரப்பும் சேர்ந்து இதை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் கேள்வித்தாள். பல இடங்களில் மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9, பதற்றத்துக்கு ஏழு கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி-7 ஆகியவற்றைக் கொடுப்பார்கள். இரண்டும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பவை. முன்னது 27 வரை, பின்னது 21 வரை மதிப்பெண் போகும். அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் உங்களுக்கு நோய்ப்பெயர் சூட்ட மாட்டார்கள். பின்னால் திரும்ப எடுத்துப் பார்க்கும்போது மாற்றம் தெரியவேண்டும், அதற்காகத்தான்.

அதற்குப் பின் பேச்சு. "என்ன காரணத்துக்காக இப்போது வந்தீர்கள்?" என்பது பெரும்பாலும் முதல் கேள்வி. அதில் 'இப்போது' என்பதற்குத்தான் அழுத்தம். பத்து வருடமாக இருக்கும் பிரச்சினைக்கு இந்த மாதம் வருவதற்கு ஒரு காரணம் இருக்கும். குடும்பம், வேலை, உடல்நலம், மருந்துகள், முன்பு எடுத்த சிகிச்சை, தூக்கம் என்று கேட்டுக்கொண்டே போவார். முதல் அமர்வு இப்படித் தகவல் சேகரிப்பாகவே முடிந்துவிட்டது என்று பலர் ஏமாற்றமடைவதுண்டு. அது இயல்புதான்.

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்ட வேண்டியதில்லை. பெரிய காயம் ஒன்றை விவரமாகச் சொல்லத் தொடங்கினால் அனுபவமுள்ளவர் உங்களை மெதுவாக நிறுத்தக்கூடும். கேட்க விருப்பமில்லாமல் அப்படிச் செய்வதில்லை. அதைத் திறந்தபின் தாங்கிக்கொள்ளும் வழிகள் உங்களிடம் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க விரும்புகிறார். "இதைப் பற்றி இன்றைக்கு வேண்டாம்" என்று நீங்களும் சொல்லலாம்.

அழுகை வந்தால் அழலாம். பேச்சு நின்றுபோனால் அவர் உடனே நிரப்பாமல் சும்மா இருக்கலாம்; அந்த அமைதி முதலில் சங்கடமாக இருக்கும். சங்கடமாக இருக்கிறது என்றே சொல்லிவிடுங்கள். அவர் எதையோ எழுதிக்கொண்டே இருந்தால் என்ன எழுதுகிறீர்கள் என்று கேளுங்கள்.

முடித்து வெளியே வந்ததும் களைப்பு அடிக்கும். சிலருக்கு அன்று இரவு பழைய நினைவுகள் கிளம்பும். எனவே அமர்வுக்கு அடுத்த அரைமணி நேரத்தில் முக்கியமான கூட்டம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 4: அடுத்தடுத்த அமர்வுகள்

இனிமேல் என்ன நடக்கும் என்பது முறையைப் பொறுத்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையிலிருந்து வளர்ந்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் ஒவ்வொரு அமர்வுக்கும் நிகழ்ச்சிநிரல் இருக்கும். கடந்த வாரம் எப்படிப் போனது, இன்று எதை எடுக்கலாம், வீட்டுப்பாடம் என்ன ஆயிற்று என்று வரிசையாகப் போகும். மேலதிகாரியிடமிருந்து "நாளைக்குப் பேசணும்" என்று ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள். "வேலை போகப்போகிறது" என்ற எண்ணம் மின்னலாய் வருகிறது, வயிறு இறுகுகிறது, இரவு தூக்கமில்லை. இங்கே எண்ணம், உணர்வு, உடல், செயல் நான்கையும் தனித்தனியாக எழுதச் சொல்வார்கள். அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்பார்கள். நேர்மறையாக நினையுங்கள் என்ற உபதேசத்துக்கு இங்கே இடமில்லை. சரியாக நினைக்கிறோமா என்று பார்ப்பதுதான் வேலை. பொதுவாக 12 முதல் 20 அமர்வு வரை போகும். பயத்துக்கான சிகிச்சை என்றால் பயப்படும் விஷயத்தைச் சிறுகச் சிறுக எதிர்கொள்ளவும் வேண்டியிருக்கும்.

மனப்பகுப்பாய்வு வழி வந்த சிகிச்சையில் நிகழ்ச்சிநிரல் கிடையாது. மனத்தில் வருவதைச் சொல்வீர்கள். பழைய உறவுகளின் அச்சு இன்றைய உறவுகளில், தெரபிஸ்டோடு உள்ள உறவிலும்கூட, எப்படித் திரும்பப் பதிகிறது என்று பார்ப்பார்கள். "நான் தாமதமாக வந்ததற்கு நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன்" என்ற ஒரு வாக்கியத்தில் அந்த நாள் முழுவதும் போகலாம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் வந்தவர்கள் அறிவுரை சொல்வதைக் கூடுமானவரை தவிர்ப்பார்கள். எடை போடாமல் உங்களை உள்ளபடி புரிந்துகொள்வதே மாற்றத்துக்கு வழிவிடும் என்பது 1957ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம்.

கோச்சிங்கில் பலர் பின்பற்றுவது, ஜான் விட்மோர் 1992ல் பரவலாக அறியச் செய்த நான்கு படி: குறிக்கோள், இன்றைய நிலை, இருக்கும் வழிகள், எதைச் செய்யப்போகிறேன் என்ற உறுதி. "எனக்கு நம்பிக்கை வேண்டும்" என்று போனால், "நம்பிக்கை வந்துவிட்டது என்பது அடுத்த மாதக் கூட்டத்தில் எப்படித் தெரியும்?" என்று கேட்பார். "மூன்றாவது நபராவது பேசுவதற்குள் நான் ஒருமுறை வாயைத் திறந்திருப்பேன்" என்று பதில் வந்தால் வேலை தொடங்கிவிட்டது. நல்ல கோச் பதில் தருவதைவிடக் கேள்வி கேட்பார். எல்லாவற்றுக்கும் அவரிடமே பதில் இருந்தால், நீங்கள் பணம் கொடுத்து ஒரு ஆலோசகரை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்; அதுதான் வேண்டும் என்றால் சரி.

எந்த முறை சிறந்தது என்பதில் துறைக்குள்ளேயே ஓயாத சண்டை. ஆனால் ஒன்றில் பெருமளவு உடன்பாடு உண்டு. 1979ல் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒப்புதல், எப்படிப் போகிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையே உள்ள நம்பிக்கை. இந்த உறவு எப்படி இருக்கிறதோ அதற்கேற்பப் பலனும் இருப்பதை எத்தனையோ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிபுணரின் மதிப்பீட்டைவிட, "இவர் என்னைப் புரிந்துகொள்கிறார்" என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள்.

படி 5: திறந்தவெளி அமர்வுகள்

பூங்காவில் நடந்துகொண்டே தெரபி என்றால் புதுமோஸ்தர் என்று நினைப்பவர்கள் உண்டு. 1910 ஆகஸ்டில் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் மணவாழ்வுச் சிக்கலோடு மனப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்டைத் தேடிப் போனபோது, இருவரும் நெதர்லாந்தின் லெய்டன் நகரத் தெருக்களில் சுமார் நான்கு மணி நேரம் நடந்தபடியே பேசினார்கள். படுக்கையில் படுக்கவைத்துப் பேசுவதற்குப் பெயர்போன ஃபிராய்டே அப்படி என்றால், மற்றவர்களைக் கேட்பானேன். 1970களில் அமெரிக்க மனநல மருத்துவர் தேடியஸ் கோஸ்ட்ருபாலா தம் நோயாளிகளோடு சேர்ந்து ஓடவே செய்தார்.

ஏன் வெளியே? முதல் காரணம் கண். எதிரெதிரே உட்கார்ந்தால் பார்வையை எங்கே வைப்பது என்பதே சிலருக்குப் பாரம். பக்கத்தில் நடக்கும்போது இருவரும் முன்னால் பார்க்கிறார்கள். வெட்கமான விஷயம் சுலபமாக வெளியே வருகிறது. பதின்ம வயதினரிடம் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அப்புறம் அமைதி. அறையில் இரண்டு நிமிட அமைதி கனக்கும். நடையில் அது வெறும் நடை. மூன்றாவது உடல். கால் நகரும்போது பேச்சும் நகர்கிறது. 2014ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த சோதனைகளில் உட்கார்ந்திருந்தபோதைவிட நடந்தபோது புதுப்புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகம் வந்தன. அதே பல்கலைக்கழகத்தில் கிரெகரி பிராட்மேன் குழு 2015ல் வெளியிட்ட ஆய்வில், இயற்கையான இடத்தில் 90 நிமிடம் நடந்தவர்களிடம் ஒரே கவலையை அசைபோடும் போக்கு குறைந்தது. வாகனங்கள் ஓடும் சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இவை இரண்டும் நடையைப் பற்றிய ஆய்வுகள், தெரபியைப் பற்றியவை அல்ல. அறையைவிட வெளிதான் எல்லாருக்கும் மேல் என்று இவற்றை வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

வெளி அமர்வு என்பது பல வகை. நடந்துகொண்டே பேசுவது ஒன்று. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது இன்னொன்று. தோட்டவேலையை வைத்துச் செய்யும் சிகிச்சை உண்டு. மலையேற்றம், கயிற்றுப் பாலம் என்று குழுவாகச் செய்யும் சாகச சிகிச்சையும் உண்டு. அதற்கு மனநலப் பயிற்சியோடு வெளிப்புறப் பாதுகாப்புப் பயிற்சியும் முதலுதவியும் தெரிந்தவர் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவரோடு போகாதீர்கள்.

போகும் முன் பேசி முடிக்க வேண்டியவை நிறைய. தனி ஒப்புதல் படிவம் கொடுப்பவர் விவரம் தெரிந்தவர்.

மிக முக்கியமானது, தெரிந்தவர் எதிரே வந்தால் என்ன செய்வது என்பது. வெளியில் முழு ரகசியம் என்று யாரும் உறுதி தர முடியாது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நின்று, "யார் இவங்க?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "நண்பர்" என்பதா, "கூட வேலை பார்ப்பவர்" என்பதா, ஒன்றும் சொல்லாமல் கையசைத்துவிட்டு நகர்வதா? இதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அவர் அதன்படி நடந்துகொள்வார். அவருக்குத் தெரிந்தவர் வந்தாலும் அவர் உங்களை அறிமுகப்படுத்தக் கூடாது. ஆள் வந்தால் பேச்சை நிறுத்த ஒரு சைகை வைத்துக்கொள்வதும் உதவும்.

பாதை எது, எவ்வளவு தூரம், இடையில் உட்கார இடம் இருக்கிறதா, கழிப்பறை எங்கே, மழை வந்தால் அறைக்குத் திரும்புவதா, தொலைபேசிக்கு மாறுவதா, ரத்து என்றால் கட்டணம் உண்டா என்பதையெல்லாம் ஒரே பேச்சில் முடித்துவிடலாம். இதயக் கோளாறு, ஆஸ்துமா, மூட்டுவலி, கர்ப்பம், ஒவ்வாமை, நாய் பயம் எது இருந்தாலும் சொல்லுங்கள். வெளிச்சம் மங்கும் நேரமோ ஆளில்லாத தடமோ உங்களுக்குப் பத்திரமாகத் தோன்றவில்லை என்றால், காரணம் சொல்லாமலே மாற்றச் சொல்லலாம். வேகத்தை நிர்ணயிப்பவர் நீங்கள். அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தால், "கொஞ்சம் மெதுவாகப் போகலாமா?" என்று கேளுங்கள். தன் வாழ்க்கையில் யாரிடமும் மெதுவாகப் போகச் சொல்லாத ஒருவருக்கு அந்தக் கேள்வியே அன்றைய அமர்வின் பெரிய வேலையாக அமைந்துவிடலாம்.

அமர்வு எப்படிப் போகும்? பெரும்பாலும் குறித்த இடத்தில் சந்திப்பீர்கள். முதல் ஐந்து நிமிடம் அதிகம் பேச்சு இருக்காது; நடை சீராகட்டும் என்று விடுவார்கள், சில சமயம் காலடியையும் காதில் விழும் சத்தங்களையும் கவனிக்கச் சொல்வார்கள். அப்புறம் அறையில் பேசும் அதே விஷயங்கள். சூழலையும் உள்ளே இழுத்துக்கொள்வதுண்டு: பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, "எந்தப் பக்கம் போகத் தோன்றுகிறது, ஏன்?" என்று கேட்கலாம். சிலருக்கு இது பிடிக்கும். செயற்கையாகப் பட்டால் அதையும் சொல்லலாம். மேடு ஏறும்போது நெஞ்சு படபடக்கும். பீதித் தாக்குதல் வருபவர் அதைப் பீதியின் தொடக்கம் என்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். படபடப்பு வரும், தானே போகும் என்பதைத் துணையோடு உடலிலேயே அனுபவித்துப் பார்க்க அது நல்ல வாய்ப்பு. ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் நடக்கக் கூடாது. அழுகை வந்தால் ஓரமாக நின்றுகொள்ளலாம், வேறு திசை பார்த்து நிற்கலாம். முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது தொடங்கிய இடத்துக்குத் திரும்பி, அன்று பேசியதை மூடிவைப்பார்கள்.

யாருக்கு வெளி ஒத்துவராது? பழைய அதிர்ச்சியை நேரடியாகத் தொடும் கட்டத்தில் கதவு மூடிய அறையே நல்லது. யாரோ கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் வாட்டுபவர்களுக்கும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுபவர்களுக்கும் திறந்தவெளி கூடுதல் சுமை. சிலருக்குக் கவனம் சிதறும். நாய், குழந்தை, மணி என்று எதைப் பார்த்தாலும் பேச்சு நழுவும். வேண்டாத விஷயத்திலிருந்து நழுவ அதையே சாக்காக்கிக்கொள்வதும் நடக்கும். நல்ல தெரபிஸ்ட் அதைக் கவனித்துச் சொல்வார். முதல் சில அமர்வுகளை அறையில் வைத்துவிட்டுப் பிறகு வெளியே போவது என் பார்வையில் சரியான வரிசை.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். திட்டமிட்டு, காரணம் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிச் செய்வதுதான் வெளி அமர்வு. அமர்வு நேரம் முடிந்தபின் "வாங்க, எங்காவது போய்ச் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்" என்று திடீரென அழைப்பது அந்தக் கணக்கில் வராது. அங்கே எல்லை கலைகிறது.

இணையவழி அமர்வுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தும். காதில் மாட்டும் ஹெட்போன், பூட்டக்கூடிய கதவு, இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்ற ஏற்பாடு, இவ்வளவு போதும். நீங்கள் அப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டால் எரிச்சலடையாதீர்கள். அவசரம் என்றால் உதவி அனுப்ப அது தேவை.

படி 6: இடைப்பட்ட நாட்கள்

வாரத்தில் 168 மணி நேரம். தெரபி அமர்வு அதில் ஒன்றுகூட முழுதாக இல்லை. அந்த வாரம் எது உறைத்தது என்பதைக் கைபேசியில் ஒரு வரி எழுதிவைத்தால் அடுத்த முறை எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை. வீட்டுப்பாடம் செய்யவில்லை என்றால் அமர்வை ரத்து செய்துவிடாதீர்கள். ஏன் செய்ய முடியவில்லை என்பது அங்கே நல்ல விஷயம். பாடமே பெரிதாக இருந்திருக்கலாம்.

கடைசி இரண்டு நிமிடத்தில், எழுந்து கதவருகே போகும்போது, "சொல்ல மறந்துட்டேன்" என்று மிகப் பெரிய விஷயத்தைச் சொல்லும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்போது சொன்னால் அதற்கு நேரம் இருக்காது. அப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த முறை முதல் நிமிடத்திலேயே, "சொல்லப் பயமாக இருக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். விஷயத்தைச் சொல்வது பிறகு நடக்கட்டும்.

படி 7: பலன் தெரிகிறதா?

கென்னத் ஹோவர்டும் சக ஆய்வாளர்களும் 1986ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எட்டு அமர்வுக்குள் பாதிப் பேரிடமும், 26 அமர்வுக்குள் முக்கால்வாசிப் பேரிடமும் அளக்கக்கூடிய முன்னேற்றம் தெரிந்தது. எனவே இரண்டாம் அமர்விலேயே முடிவு கட்ட வேண்டாம். ஒரு வருடம் கேள்வி கேட்காமல் போய்க்கொண்டிருக்கவும் வேண்டாம். நாலைந்து அமர்வுக்கு ஒருமுறை நிறுத்தி, எங்கே இருந்தோம், எங்கே இருக்கிறோம் என்று இருவரும் பேசுங்கள். அவர் ஆரம்பிக்காவிட்டால் நீங்கள் ஆரம்பியுங்கள். பி.எச்.க்யூ-9 மதிப்பெண் ஐந்து குறைந்தால் அது பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். சண்டை வந்தபின் சமாதானமாக எடுக்கும் நேரம் குறைந்திருக்கிறதா, "முடியாது" என்று ஒருமுறையாவது சொன்னீர்களா என்பவையும் கணக்கில் சேரும்.

கடினமான விஷயத்தைத் தொட்ட வாரம் கொஞ்சம் மோசமாகப் போகலாம். ஆனால் வாரா வாரம் கீழேயே இறங்கிக்கொண்டிருந்தால் அதை "குணமாவதன் அறிகுறி" என்று யாரும் சமாளிக்க விடாதீர்கள். சிகிச்சைக்குப் போகிறவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் தொடங்கியதைவிட மோசமாகிறார்கள் என்பது துறைக்குள்ளேயே ஒப்புக்கொண்ட கணக்கு. முறையை மாற்றவோ, ஆளை மாற்றவோ, மருந்து தேவையா என்று பார்க்கவோ வேண்டியிருக்கும்.

படி 8: உரசல் வந்தால்

அவர் சொன்ன ஒரு சொல் சுட்டது. உங்கள் தங்கையின் பெயரை மூன்றாவது முறையாக மறந்துவிட்டார். கடிகாரத்தை அடிக்கடி பார்க்கிறார். இப்படி ஏதாவது நடந்தால் பெரும்பாலோர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அமர்வுக்கு வராமல் விட்டுவிடுகிறார்கள். சொல்லிப் பாருங்கள்: "போன வாரம் நீங்கள் அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது. வராமலே இருந்துவிடலாமா என்று யோசித்தேன்." நல்லவர் தன்னைக் காத்துக்கொள்ள வாதாட மாட்டார், விவரம் கேட்பார், தன் பங்கை ஒப்புக்கொள்வார். உரசி, பேசிச் சரிசெய்துகொண்ட உறவில் சிகிச்சை நன்றாக நடப்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. கோபத்தைச் சொன்னபின்னும் உறவு உடையவில்லை என்பதைச் சிலர் முதல்முறை அங்கேதான் பார்க்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் பேசிச் சரிசெய்ய வேண்டியதில்லை. பாலியல் ரீதியான பேச்சு அல்லது தொடுகை, "இதை யாரிடமும் சொல்லாதே" என்ற பேச்சு, தன் சொந்தக் கதையையே மணிக்கணக்கில் சொல்வது, பொருளோ முதலீடோ விற்பது, முழுக் குணம் உத்தரவாதம் என்பது, மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தச் சொல்வது, இவற்றில் ஒன்று நடந்தாலும் கிளம்பிவிடுங்கள். விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அவர் பதிவு செய்திருக்கும் அமைப்பில் புகார் கொடுக்கலாம். கோச் என்றால் அப்படிப் புகார் கொடுக்க ஒரு அமைப்பே இல்லாமலும் போகலாம். முதல் படியில் சான்றிதழைப் பற்றிச் சொன்னது இதற்காகவும்தான்.

படி 9: முடிப்பது

கோச்சிங் பெரும்பாலும் ஆறு, பன்னிரண்டு என்று எண்ணிவைத்தே தொடங்கும். முடிவு தேதி முதலிலேயே தெரியும். தெரபியில் அப்படி இல்லை. பேச விஷயம் குறைகிறது, குறிக்கோள் எட்டியாயிற்று, அமர்வு இல்லாத வாரமும் சரியாகப் போகிறது என்றால், "முடிப்பதைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்கும் நேரம் வந்துவிட்டது. வாரம் ஒன்று என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். பழைய நிலை திரும்பினால் முதலில் தெரியும் அடையாளம் எது, அப்போது என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பதும் உண்டு.

பணமில்லை, நேரமில்லை, பிடிக்கவில்லை என்று பாதியில் நிறுத்தினாலும் கடைசியாக ஒரு அமர்வுக்குப் போவது நல்லது. மேலே சொன்ன அத்துமீறல்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பணம்தான் காரணம் என்றால் அதையே சொல்லுங்கள். கட்டணத்தைக் குறைப்பவர்கள் உண்டு, குறைந்த கட்டண இடங்களைக் காட்டுபவர்களும் உண்டு.

முடிந்தபின் சமூக வலைத்தளத்தில் நட்பு அழைப்பு அனுப்பினால் அவர் ஏற்க மாட்டார். தெருவில் எதிரே வந்தாலும் நீங்கள் முதலில் வணக்கம் சொல்லாவிட்டால் அவர் உங்களைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ள மாட்டார். உங்கள் ரகசியத்துக்காக அவர் கடைப்பிடிக்கும் வழக்கம் அது. ஒரு வருடம் கழித்து மறுபடி நேரம் கேட்டு அழைக்கத் தடையேதும் இல்லை. அப்படித் திரும்பி வருபவர்கள் நிறைய; பெரும்பாலும் இரண்டாவது முறை படிவத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.